நிலக்காட்சியில் மாந்தரும் இடிபாடும்

வத்திராயிருப்புக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நெடிய மதில்போல எழுந்து நிற்கின்றது. திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, அம்மலையின் அடிவாரத்தில், வயலும் தென்னந்தோப்பும் கண்மாயும் சூழ அமைந்தது இவ்வூர். மழைக்காலத்தில் மலைமுகட்டை முகில் மூடும். கதிர் முற்றிய காலத்தில் கழனி பொன்னிறம் பூணும். இக்காட்சியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயின், இதனைத் தாளில் வரைய முற்படும் மாணவன் விரைவில் ஓர் இடர்ப்பாட்டை உணர்வான். மலையை வரைந்தான், கண்மாயை வரைந்தான், கரையையும் வரைந்தான். எனினும், தாளில் உள்ள மலை மலையாகத் தோன்றவில்லை. களத்தில் குவித்த நெற்பொலிபோலத் தோன்றுகின்றது. குறை யாது?

கோட்டில் குறையில்லை, வண்ணத்திலும் குறையில்லை. அம்மலை எத்துணைப் பெரிது என்று எடுத்துரைக்க அந்தத் தாளில் ஒருவரும் இல்லை என்பதே குறை. கண்மாய்க்கரைமீது புல்லுக்கட்டைச் சுமந்து செல்லும் ஒருத்தியை எள்ளளவாக வரைந்தால் போதும், அந்நொடியிலேயே கரை நீளும், நீர்ப்பரப்பு விரியும், மலை வானளாவ உயரும். காண்பவன் தன்னை அவளிடத்தில் நிறுத்தி, அவள் கண்கொண்டு மலையை அண்ணாந்து பார்க்கின்றான்.

நிலக்காட்சி ஓவியத்தில் இவ்வாறு பேசும் பொருள்கள் இரண்டு. ஒன்று மாந்தர் உருவம். மற்றொன்று பழங்கட்டடத்தின் இடிபாடு. மாந்தர் உருவம் இடத்தின் அளவைக் கூறும். இடிபாடு காலத்தின் அளவைக் கூறும். மலையும் ஆறும் தம் அகவையைத் தாமே கூறுவதில்லை. மனிதன் கட்டி, மனிதன் கைவிட்ட சுவரோ, ‘இங்கே முன்னொரு காலம் இருந்தது, அது கழிந்தது’ என்று வாய்விட்டுக் கூறும். இவ்விரண்டும் உண்மையும் பேசும். சிலவேளை உண்மையல்லாததும் பேசும். ஆதலின், இவற்றின் மொழியை அறிந்துகொள்ளுதல் வரைவோர்க்கும் காண்போர்க்கும் இன்றியமையாதது.

முதற்கண் மாந்தர் உருவத்தைக் காண்போம். திருவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலைகளை உடையது; ஏறத்தாழ 192 அடி உயரமுடையது என்பர். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் அதன் அடியில் நின்றால், அவரைப்போல் ஏறத்தாழ 35 பேர் ஒருவர் தலைமேல் ஒருவராக நின்றால்தான் கோபுரத்தின் உச்சியை எட்டலாம். எனவே, கோபுரத்தை 7 அங்குல உயரத்தில் வரைபவன் வாயிலில் நிற்கும் ஆளை ஓர் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்காகவே வரைதல் வேண்டும். ‘முகம் தெரியவேண்டும், உடை தெரியவேண்டும்’ என்று கருதி அவ்வாளை ஓரங்குலம் வரைந்துவிட்டால் என்னாகும்? கோபுரம் ஏழு ஆள் உயரமே உடையதாகச் சுருங்கிவிடும்; அஃதாவது, 40 அடிக்கும் குறைந்த சிறு கட்டடமாகிவிடும். கோபுரத்தின் ஒரு கோட்டையும் மாற்றாமலே, ஆளை மாற்றிய அளவில் கோபுரம் குன்றிப்போகின்றது.

ஆட்கள் பலரை வெவ்வேறு தொலைவில் நிறுத்துவதற்கும் எளியதொரு விதி உண்டு. வரைபவனுடைய கண்ணின் உயரத்தில் தாளின் குறுக்கே ஒரு கோடு செல்வதாகக் கொள்ளவேண்டும். சமநிலத்தில் அதுவே தொடுவானக் கோடாகும். அவன் நின்றுகொண்டு வரைந்தால், அவனை ஒத்த உயரமுடையார் அனைவர் தலையும், அருகில் நிற்பினும் தொலைவில் நிற்பினும், அக்கோட்டையே தொடும். அடிகள் மட்டும் அருகிலுள்ளார்க்குக் கீழேயும் தொலைவிலுள்ளார்க்கு மேலேயும் அமையும். அவன் தரையில் அமர்ந்து வரைந்தால், அக்கோடு எல்லோருடைய இடுப்பளவிலும் செல்லும். உயர்ந்த கரைமேல் நின்று வயலை நோக்கி வரைந்தால், வயலில் உள்ளார் எல்லோர் தலையும் கோட்டுக்குக் கீழேயே அமையும். தொலைவு இரட்டித்தால் உருவம் பாதியாகும். இவ்விதியை மறந்து வரைந்த படத்தில் சிலர் நிலத்துள் புதைந்தாற்போலவும், சிலர் காற்றில் மிதப்பார் போலவும் தோன்றுவர்.

சிறிய உருவத்தின் பெரிய ஆற்றலைச் சீன நாட்டு ஓவியர் நன்கறிந்திருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பான் குவான் என்னும் ஓவியர், மலைக்கும் ஓடைக்கும் இடையே வழிப்போக்கர் செல்லும் காட்சியைப் பட்டின்மேல் வரைந்தார். ஓர் ஆளினும் உயரமான அவ்வோவியத்தின் பெரும்பகுதியை ஒரே பாறைமலை நிரப்பி நிற்கின்றது. அதன் அடியில், வலப்பக்கத்தே, பொதிவிலங்குகளை ஓட்டிச்செல்வோர் எறும்பளவாகக் காணப்படுகின்றனர். அவர்களைக் காணுமுன் அது ஒரு பாறை. கண்டபின் அது ஒரு பேருலகம். அவ்வோவியம் இன்று தைப்பே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆடி அமாவாசையில் தாணிப்பாறை வழியே சதுரகிரிக்கு ஏறிச்செல்லும் அடியார் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர்க்கு இவ்வுண்மை விளக்கமின்றியே விளங்கும்.

தமிழர்க்கும் இக்கருத்துப் புதியதன்று. தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரமும் விலங்கும் தொழிலும் பறையும் கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பர் உரையாசிரியர். மலையை மட்டும் கூறி அங்கு வாழ்வாரைக் கூறாத பாட்டு நிரம்பாது என்பது இதன் கருத்து. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் தாமரைக்குள ஓவியத்திலும், மீனும் யானையும் எருமையும் மட்டுமின்றிப் பூக்கொய்யும் மாந்தரும் உள்ளனர். குளம் அவர்களாலேயே உயிர்பெறுகின்றது.

இனி இடிபாட்டைக் காண்போம். முழுமையாக நிற்கும் கட்டடம் தன்னைக் கட்டியவனையே நினைவூட்டும். இடிந்த கட்டடமோ மூன்று காலங்களை ஒருங்கே காட்டும். கல்லின் வேலைப்பாடு அது கட்டப்பட்ட காலத்தைக் கூறும். சரிந்த விதானமும், சுவர்ப்பிளவில் வேரோடிய அரசங்கன்றும் அது கைவிடப்பட்ட காலத்தைக் கூறும். அதன் நிழலில் ஆடு மேய்ப்பவன் ஒருவன் அமர்ந்திருப்பானாயின், அவன் இன்றைய காலத்தைக் கூறுவான். ஆளும் இடிபாடும் ஒரே படத்தில் அமையும்போது, இடமும் காலமும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த குளோது லொரேன் என்னும் ஓவியர், மாலை வெயிலில் திளைக்கும் வயல்வெளிகளிடையே பழைய உரோமானியத் தூண்களையும் வளைவுகளையும் அமைத்து வரைந்து புகழ்பெற்றார். அவர் வரைந்த இடிபாடுகளுள் பல, அவர் வரைந்த இடத்தில் இருந்தவையல்ல; ஓரிடத்துத் தூணை மற்றோரிடத்து ஆற்றங்கரையில் தம் மனம்போல் நிறுத்தினார். பிரான்சு நாட்டு ஓவியரான ஊபர் இராபர்ட் இன்னும் ஒரு படி சென்றார். 1796-ஆம் ஆண்டில், பாரிசு நகரின் இலூவர் அரண்மனையில் உள்ள பெருங்கூடம் இடிந்து பாழானாற்போல ஓர் ஓவியம் தீட்டினார். உண்மையில் அக்கூடம் அன்று இடியவில்லை, இன்றும் இடியவில்லை. அப்படத்தில் விதானம் விழுந்து வானம் தெரிகின்றது; கற்குவியலின் நடுவே ஒருவன் அமர்ந்து, சிதையாது எஞ்சிய சிலையொன்றைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கின்றான். பேரரசுகள் அழியினும் கலை அழியாது என்பதை அச்சிறிய உருவம் கூறாமற் கூறுகின்றது.

இவை கற்பனை என்பதைக் காண்போர் அறிவர், ஆதலின் தீங்கில்லை. ஆயின், உள்ளதை உள்ளவாறு காட்டுவதாகக் கூறும் படத்திலும் ஆளின் அளவு நம்மை மயக்கக்கூடும். இத்தாலிய நாட்டுப் பிரனேசி (1720–1778) உரோமாபுரியின் இடிபாடுகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அவற்றில் மாந்தரை மிகச் சிறியவராகக் காட்டினார். அதனால் சுவர்களும் வளைவுகளும் இருந்தவற்றினும் பன்மடங்கு பெரியனவாகத் தோன்றின. அப்படங்களைப் பார்த்துவிட்டு நேரில் சென்ற செருமானியக் கவிஞர் கேத்தே, அங்கிருந்த குளியல் மண்டப இடிபாடுகள் தாம் எதிர்பார்த்த அளவு நிறைவு தரவில்லை என்று தம் பயண நூலில் குறித்துள்ளார். சுவரைப் பற்றிப் பொய் கூறச் சுவரைத் தொடவேண்டியதில்லை. ஆளைச் சுருக்கினாற் போதும்.

இத்தகைய ஓவிய மரபில் பயின்ற ஆங்கிலேயர் இருவர் தமிழ்நாட்டிற்கும் வந்தனர். தாமசு தானியல் (1749–1840), அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் தானியல் (1769–1837) என்பார் அவ்விருவர். 1785-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது வில்லியமுக்கு அகவை பதினாறு. இன்று உயர்நிலைப்பள்ளியில் பயிலும் மாணவரின் அகவை. சீன நாட்டின் வழியே 1786-இல் கல்கத்தாவை அடைந்து, வடநாட்டில் பல ஆண்டுகள் சுற்றி வரைந்தபின், 1792-இல் சென்னைக்கு வந்தனர். மூன்றாம் மைசூர்ப் போர் அப்பொழுதுதான் முடிந்திருந்தது. போர் நடந்த மலைக்கோட்டைகளின் வழியே தெற்கு நோக்கி வந்து, மதுரையையும் திருநெல்வேலிச் சீமையையும் கண்டனர். பாபநாசத்து அருவியையும், களக்காட்டின் அருகிலிருந்து தோன்றும் தென்கோடி மலைகளையும், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும், தஞ்சைப் பெரிய கோயிலையும் வரைந்தனர்.

அவர்கள் வரைந்த முறையும் அறியத்தக்கது. ‘காமிரா அப்ஸ்குரா’ என்னும் இருட்பெட்டி ஒன்றை உடன்கொண்டு சென்றனர். அப்பெட்டியிலுள்ள வில்லை வழியே புகும் ஒளி, வெளிக்காட்சியின் நிழலை உள்ளேயுள்ள தாளின்மேல் வீழ்த்தும். அந்நிழலின் மேலேயே கோடு இழுத்துக்கொள்ளலாம். ஒளிப்படக் கருவி தோன்றாத அக்காலத்தில், கட்டடத்தின் அளவும் அமைப்பும் பிழையாமல் அமைய இது பெரிதும் உதவிற்று. 1794-இல் தாயகம் மீண்டபின், அவ்வரைவுகளைக் கொண்டு செப்புத் தகடுகளை அமிலத்தால் அரித்து, அச்சிட்டு, வண்ணம் தீட்டி வெளியிட்டனர். 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக வந்த ‘கீழ்நாட்டுக் காட்சிகள்’ என்னும் அத்தொகுப்பில் 144 படங்கள் உள்ளன.

அவற்றுள் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாட்டைக் காட்டும் படம் தமிழர் ஊன்றிக் காணத்தக்கது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் எடுப்பித்த அரண்மனை அது. தானியல்கள் வந்தபோது அது கட்டப்பட்டு நூற்றைம்பது ஆண்டுகளே கடந்திருந்தன. எனினும், அது பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையதுபோலப் பாழ்பட்டுக் கிடந்தது. ஓங்கிய தூண்களையும் வளைவுகளையும், அவற்றின் அடியில் சிறுசிறு ஆட்களையும் அமைத்து அதனை வரைந்துள்ளனர். ஆளையும் தூணையும் ஒப்பிட்டு நோக்குவோர் அவ்வரண்மனையின் பெருமிதத்தை உணர்வர். சிதைவை நோக்குவோர் செல்வத்தின் நிலையாமையை உணர்வர்.

அப்படம் செய்த நன்மை பெரிது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. இன்று காண்போர் காண்பது, பழைய அரண்மனையில் எஞ்சிய ஒரு பகுதியை, அதுவும் செப்பனிட்டபின் உள்ள நிலையில். செப்பனிடுவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னர் அது எவ்வாறிருந்தது என்பதைக் காட்டி நிற்பது தானியல்களின் படமே. சற்றுத் தொலைவில் தெருவின் நடுவே தனித்து நிற்கும் பத்துத்தூண், அரண்மனை ஒருகாலத்தில் எவ்வளவு பரந்திருந்தது என்பதற்குச் சான்றாக உள்ளது.

எனினும், அப்படம் கூறாதது ஒன்றுண்டு. அதனையும் காணல் வேண்டும். அரண்மனையை அழித்தது காலம் மட்டுமன்று. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பகுதிகளைப் பெயர்த்தெடுத்துச் சென்றார் என்பது வரலாறு. பின்னர் நிகழ்ந்த போர்களும் ஆட்சி மாற்றங்களும் எஞ்சியதைச் சிதைத்தன. இடிபாட்டின் படம் ‘இடிந்தது’ என்று கூறும். ‘யாரால், எதனால் இடிந்தது’ என்று கூறாது. அதனை வரலாற்றைக் கேட்டே அறிதல் வேண்டும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அப்படங்களை விலைகொடுத்து வாங்கியோர் பெரும்பாலும் இங்கிலாந்துச் செல்வர். மதுரையை நேரில் கண்டறியாதவர். பாழ்பட்ட அரண்மனையையும் அதன் கீழ் ஓய்ந்திருக்கும் சிற்றுருவங்களையும் மட்டும் கண்டவர், ‘இந்நாட்டின் பெருமை முன்னரே கழிந்துவிட்டது, எஞ்சியோர் அதன் நிழலில் வாழும் சிறியோர்’ என்று எண்ணுதல் எளிது. பிற நாட்டை ஆளத் தலைப்பட்டோர்க்கு அவ்வெண்ணம் இனிமையாகவும் இருந்திருக்கும். ஆனால், அரண்மனைச் சுவர் சரிந்து கிடந்த அதே மதுரையில், மீனாட்சியம்மை கோயிலில் நாள் வழிபாடு நிகழ்ந்துகொண்டிருந்தது, தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, புலவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தனர். இடிபாடு உண்மை, ஆயினும் அது முழு உண்மையன்று. தானியல்கள் தாமே, திருமலை நாயக்கர் எடுப்பித்த புதுமண்டபத்தின் உட்புறத்தை, சிதையாத தூண் வரிசைகளோடு வரைந்துள்ளனர். அவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனே மதுரையைக் கண்டவனாவான்.

ஆதலின், ஒரு நிலக்காட்சி ஓவியத்தைக் காண்போர் கேட்கவேண்டிய வினாக்கள் சில. இந்த ஆள் எவ்வளவு உயரமாக வரையப்பட்டுள்ளான்? அவனை அளவுகோலாகக் கொண்டால் கட்டடம் எவ்வளவு உயரம் ஆகின்றது? அஃது உண்மையா? இந்த இடிபாடு அவ்விடத்தில் இருந்ததா, ஓவியன் கொணர்ந்து வைத்ததா? அதன் அருகில் உள்ளார் என்ன செய்கின்றனர்? வெறுமனே நிற்கின்றனரா, தம் தொழிலைச் செய்கின்றனரா? படத்தின் எல்லைக்கு அப்பால் விடப்பட்டது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பவனை எந்த ஓவியனும் ஏமாற்ற இயலாது.

வரைவோர்க்கும் இவற்றால் ஒரு கடமை உண்டாகின்றது. வத்திராயிருப்பைச் சூழ்ந்த பகுதியிலும், தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும், இடிபாடுகளுக்குக் குறைவில்லை. வழிப்போக்கர்க்காக எவரோ கட்டிவைத்த கல்மண்டபம், மேற்கட்டு விழுந்த சத்திரம், படி சரிந்த குளம், தலைச்சுமை இறக்கி வைக்க நட்ட சுமைதாங்கிக் கல் ஆகியன ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. சாலை அகலப்படுத்தும்போது ஒன்று போகும். மழையில் ஒன்று சரியும். இவற்றை உள்ள அளவில், உள்ள இடத்தில், நாள் குறித்து வரைந்து வைத்தால், நாளைய தலைமுறைக்கு அத்தாளே சான்றாகும். தானியல்களின் படம் மதுரைக்குச் செய்த உதவியை, ஒரு மாணவனின் வரைவேடு அவன் ஊருக்குச் செய்யக்கூடும்.

அவ்வாறு வரையும்போது ஆளையும் மறவாது வரைதல் வேண்டும். அளவு காட்டுவதற்கு மட்டுமன்று. கல்மண்டபத்தில் இன்று நெல் உலர்த்துபவள், சரிந்த படியில் இறங்கி மாட்டைக் குளிப்பாட்டுபவன், சுமைதாங்கியின்மேல் புல்லுக்கட்டை இறக்கிவைத்து வியர்வை துடைப்பவள் ஆகியோர் இடிபாட்டின் அணிகலன்கள் அல்லர், அவ்விடத்துக்கு உரியவர். சுமைதாங்கியை நட்டவர் யாரென்று ஊரார் மறந்திருக்கலாம். ஆயினும், அவர் எண்ணிய பயன் இன்றும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. அதனைக் காட்டும் படத்தில் இடிபாடு அழிவைக் கூறாது. அறம் தொடர்வதைக் கூறும்.

கண்மாய்க்கரையில் அமர்ந்து மலையை வரையத் தொடங்கிய மாணவன், புல்லுக்கட்டுச் சுமந்தவளை எள்ளளவாக வரைந்து எழுந்தான். மலை இப்போது உயர்ந்து நிற்கின்றது. அதனை உயர்த்தியவள் அவளே என்பதை அவன் அறிவான்.